பள்ளி ஒலிபெருக்கியில் என் குரல்

என் கணவர் வெள்ளிக்கிழமைப் பிரசங்கமான குத்பா நேரத்தில் தூங்குகிறவர் என்பதை ஊருக்கெல்லாம் சொன்னது நான்தான். வேண்டுமென்று சொல்லவில்லை. நான் பேசியது என் அடுப்படியில், அது கேட்டது பள்ளிவாசலுக்குள். எப்படி என்று கேட்காதவர்கள் இந்த ஊரில் இல்லை. அதனால் ஒருமுறை ஒழுங்காக எழுதிவைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரு மதில்தான் இருக்கிறது. கற்பிட்டிப் பக்கம், ஒரு புறம் களப்பும் மறு புறம் கடலுமாகக் கிடக்கும் மணல் நிலம். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர்கள் குடியேறிய இடம். அப்போது நான் உம்மாவின் இடுப்பில் இருந்தேனாம். எனக்குத் தெரிந்த ஊர் இது ஒன்றுதான். ஆண்கள் கடலுக்குப் போவார்கள், பெண்கள் கருவாடு போடுவோம், கிழிந்த வலை பொத்துவோம். நான் மட்டும் இவற்றோடு இன்னொரு வேலையும் பார்க்கிறேன்.

என் அடுப்படி மேசையில், தேயிலை டப்பாவுக்கும் மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் நடுவில், ஒரு செட் இருக்கிறது. கடலில் நிற்கும் படகுகளோடு பேசுகிற பெட்டி. அதன் அன்டனா மதிலோரத் தென்னையில் கட்டியிருக்கிறது. நான்கு படகுகள் என் கணக்கில். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழம்பும் என்று படகின் நிறத்தைச் சொல்லித்தான் கூப்பிடுவேன். நீலம் என் கணவருடையது. பச்சை தெருமுனை வீட்டாருடையது. மஞ்சள் உடப்பைச் சேர்ந்த அண்ணன் தம்பி இருவருடையது. சிவப்பு, சிலாபத்துப் பக்கத்துச் சிங்களக்காரர் ஒருவருடையது. அவரோடு மட்டும் சிங்களத்தில் பேசுவேன்.

காற்று மாறுவதாகப் போனில் பார்த்தால் சொல்வேன். ஒருவரின் இஞ்சின் நின்றால் பக்கத்தில் நிற்பவரை அனுப்புவேன். ஒருமுறை மஞ்சள் படகின் இஞ்சின் நின்று அவர்கள் நீரோட்டத்தோடு போய்க்கொண்டிருந்தபோது சிவப்பை அனுப்பி இழுத்துவரச் செய்தேன். அன்றிலிருந்து அந்தச் சகோதரர்களுக்கு நான் அக்கா. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்தச் செட் உயிர். நான் 'ஓவர்' என்று சொல்லி விரலை எடுக்கும்வரை எந்த ஆணும் குறுக்கே பேச முடியாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

வினை பள்ளியைத் திருத்திக் கட்டியபோது தொடங்கியது. முன்பு அம்ப்ளிஃபயர் உள்ளேயே மைக்குக்குப் பக்கத்தில் இருந்தது. இடம் காணாது என்று அதை மோதினாரின் அறைக்கு மாற்றினார்கள். மோதினார் என்றால் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பவர். மெலிந்த மனிதர், பாங்கைத் தவிர மற்றதெல்லாம் காதோடு காதாகத்தான் சொல்வார். மைக்கிலிருந்து அவருடைய அறைவரை நாற்பது முழத்துக்குச் சாதாரண மெல்லிய வயரை இழுத்துவிட்டார்கள். அந்த வயர் எங்கள் மதிலை ஒட்டியே போனது.

அடுத்த நாள் பின்னேரத் தொழுகையான அஸருக்குக் கொஞ்சம் முன்னால் நான் வழக்கம்போல நீலத்தைக் கூப்பிட்டேன்.

"நீலம், நீலம், சோறு திண்டாச்சா? ஓவர்."

என் குரலே வானத்திலிருந்து எனக்குத் திரும்பி வந்தது. மோதினார் பாங்குக்காக வெளி ஒலிபெருக்கியை அப்போதுதான் போட்டிருக்கிறார், மதிலோர வயர் என் செட்டின் அலையைப் பிடித்துவிட்டது. தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "திண்டாச்சு!" என்று கத்தின. ஒரு கிழமைக்கு, ஏழு நாளும், என்னைக் கண்டபோதெல்லாம் அதையே கத்தின. அதிலிருந்து பாங்கு நேரங்களில் நான் செட்டைத் தொடுவதில்லை. அத்தோடு விசயம் முடிந்தது என்று நினைத்தேன். குத்பாவுக்குப் பள்ளியின் உள்ளே மட்டும் ஒலிபெருக்கி வேலைசெய்யும் என்பதும், அது என் காதுக்கு எட்டாது என்பதும் என் புத்தியில் உறைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை இருப்பதால் எங்கள் ஆட்கள் கடலுக்குப் போவதில்லை. மஞ்சளும் சிவப்பும் போகும். அந்த வெள்ளி ஜும்ஆ நேரத்தில் மஞ்சளில் இருந்த தம்பி காற்று எப்படி என்று கேட்டார். சொன்னேன். பிறகு "அண்ணன் இல்லையா அக்கா?" என்று கேட்டார். அதற்கும் பதில் சொன்னேன்.

"ஜும்ஆக்குப் போயிட்டார். போய் என்ன? மௌலவி வாயத் திறந்தா இவர் கண்ண மூடிருவார். இந்த நேரம் தூண்ல சாஞ்சு நல்ல நித்திரையாத்தான் இருப்பார். ஓவர்."

அங்கே பள்ளிக்குள் அன்றைய குத்பா அயலவரின் உரிமைகளைப் பற்றியதாம். மௌலவி ஒரு வசனத்தை முடித்து மூச்செடுத்த இடைவெளியில் அயல்வீட்டுக்காரியின் குரல் தெளிவாக விழுந்திருக்கிறது. குத்பா நடக்கும்போது யாரும் பேசக்கூடாது. பேசுகிறவரைப் பார்த்து 'சும்மா இரு' என்றுகூடச் சொல்லக்கூடாது. ஆகவே இருநூறு ஆண்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு சத்தமும் போடாமல், தூண்களைத் தேடித் திரும்பியிருக்கிறார்கள். மூன்றாவது தூணில் என் கணவர் சாய்ந்து நித்திரையாக இருந்தார். என் குரல் கேட்டு விழித்தவர், வீட்டில்தான் இருக்கிறோம் என்று நினைத்து, "ஓம், எழும்பிட்டன்" என்று உரக்கச் சொல்லிவிட்டார்.

தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்த முகத்தைப் பார்த்ததும் யாரோ மௌத்தாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். அவர் நடந்ததைச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வீடு இரண்டாகும் என்று தெரிந்ததால் உள்ளே போய்த் தேங்காய் துருவினேன். துருவியபடியே சிரித்தேன்.

சிரிப்பு அதிக நேரம் நிலைக்கவில்லை. பள்ளி நிர்வாகத் தலைவரான ஹாஜியார் வாசலுக்கு வந்துவிட்டார். ஐஸ் கடை வைத்திருப்பவர். சட்டையில் ஒரு மடிப்புக் கலையாது, முகத்திலும் அப்படித்தான்.

"மகள், உங்கட வீட்டுக் கதைய பள்ளிக்குள்ள கேக்க எங்களுக்கு விருப்பமில்ல" என்றார்.

"எனக்கும் சொல்ல விருப்பமில்ல ஹாஜியார். உங்கட வயர்தான் ஒட்டுக்கேக்குது."

"வயர மாத்தச் சொல்றீங்களா? கட்டட வேலைக்கு ஊர்ல சந்தா எடுத்து இன்னும் மூணு மாசம் ஆகல்ல. திரும்பவும் எந்த முகத்தோட கேக்கிறது? அன்டனாவக் கழட்டுங்க. இப்ப எல்லார்ட்ட கையிலயும் போன் இருக்கு. இந்தச் செட் என்னத்துக்கு?"

"போன் கரையோட நிண்டிரும். அங்கால போனா இதுதான்."

"என்ட மகன் புது மீன்புடி போட்டு எடுத்து எத்தின மாசம்? போனோடதான் போறான், போனோடதான் வாறான். அவனுக்கு ஒரு குறையும் இல்ல."

எனக்குக் கோபம் வந்தால் வாய் தானாகத் திறக்கும். அன்று என் கணவர் பின்னாலிருந்து முந்தானையை இழுத்ததால் கொஞ்சம் அடங்கினேன். ஒரு கிழமை தவணை கேட்டேன். வருகிற வெள்ளி குத்பா நேரத்தில் நான் செட்டில் பேசுவேன், ஹாஜியார் ஒலிபெருக்கிக்குக் கீழே உட்கார்ந்து கேட்கட்டும், ஒரு சொல் கேட்டாலும் என் கையாலேயே அன்டனாவைக் கழற்றிவிடுகிறேன் என்றேன். ஹாஜியார் யோசித்தார். நியாயமான மனிதர் என்பதை மறுக்க மாட்டேன். "சரி, பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்படிச் செய்யப்போகிறேன் என்று அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ரோசத்தில் சொல்லிவிட்டேன். அன்டனாவை இறக்கிவிட்டு, அந்த மேசையில் வெறும் தேயிலை டப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை முழுக்கப் போனில் காணொளிகள் பார்த்தேன். ஒரு மனிதர் போனைச் சில்வர் பேப்பரில் சுற்றினார், அது அடிக்கவில்லை. நானும் என் கணவரின் போனைப் பொட்டலம் கட்டி அழைத்துப் பார்த்தேன். தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் மூன்று மொழியிலும் சொன்னாள். அதே போனைச் சோற்றுப் பானைக்குள் வைத்து மூடினேன். பானைக்குள்ளிருந்து பாடியது. பார்த்தால், மூடி சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கம் வாய் பிளந்திருந்தது. அலைக்கு ஒரு சின்ன இடைவெளி போதும், புகுந்துவிடும். ஆகவே வயருக்கு உலோகத்தால் சட்டை போட வேண்டும், அந்தச் சட்டையில் கிழிசல் இருக்கக்கூடாது என்று எனக்குப் புரிந்தது. சட்டை போட்டே வரும் வயர் புத்தளத்துக் கடையில் இருக்குமா என்று கேட்டுப் பார்த்தோம். கொழும்பிலிருந்து எடுக்க வேண்டும், இரண்டு கிழமையாகும் என்றார்கள்.

நாற்பது முழத்துக்குச் சில்வர் பேப்பருக்கு எங்கே போவது? அப்போதுதான் பால்தூள் வருகிற பால்மா பக்கட் ஞாபகம் வந்தது. உள்பக்கம் கண்ணாடி மாதிரி மின்னுமே. எந்த வீட்டில் அது இல்லை? அயல் பெண்களிடம் சொன்னேன். என் செட் போனால் அவர்களுடைய கணவன்மாரின் செய்தியும் போகும் என்பதால் யாரும் காரணம் கேட்கவில்லை. ஞாயிறு பின்னேரத்துக்குள் என் முற்றத்தில் ஒரு சாக்கு நிறையப் பால்மா பக்கட்.

திங்கள் விடியற்காலைத் தொழுகையான சுபஹுக்குப் பிறகு மோதினார் வயரைக் கழற்றி என் கணவரிடம் கொடுத்தார். பகல் தொழுகையான லுஹரின் பாங்குக்கு முன்னால் திருப்பிப் பூட்டியாக வேண்டும். வலை பொத்தும்போது கட்டுகிற மாதிரி இரண்டு தென்னைகளுக்கு நடுவில் வயரை இழுத்துக் கட்டினோம். ஆறு பெண்கள் ஆளுக்கொரு பாகமாக நின்று, பக்கட்டை நாடா நாடாக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறுகிற மாதிரி சுற்றினோம். வலை முடிந்து பழகிய விரல்களுக்கு அது ஒரு வேலையே இல்லை. முடிந்ததும் வெயிலில் அந்த வயர் வாளைமீன் மாதிரி மின்னியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

லுஹர் முடிந்து பள்ளி காலியானதும் மோதினார் அம்ப்ளிஃபயரைப் போட்டார். நான் செட்டை எடுத்து, "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்றேன். அவர் பதற்றத்தில் வெளி ஒலிபெருக்கியையும் போட்டுவிட்டிருக்கிறார். முன்பைவிடத் தெளிவாக, முன்பைவிட உரக்க, என் 'ஒண்டு ரெண்டு மூண்டு' ஊரைச் சுற்றி வந்தது. தெருவிலிருந்து பிள்ளைகள் "நாலு!" என்றன.

நான் அன்று ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. ஏசி முடித்துவிட்டு ஒரு பால்மா பக்கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகளின் விஞ்ஞானப் பாடத்துக்கு வாங்கிய சின்ன மின்குமிழும் பற்றரியும் இருந்தன. பக்கட்டின் மினுக்கத்தை இடையில் வைத்துத் தொடுத்துப் பார்த்தேன். குமிழ் எரியவில்லை. நகத்தால் சுரண்டினேன். மினுக்கத்துக்கு மேலே மெல்லிய பிளாஸ்டிக் தோல் ஒன்று ஒட்டியிருந்தது. நாடாக்கள் பார்வைக்கு ஒன்றையொன்று தொட்டனவே தவிர உண்மையில் தொடவில்லை. சட்டை போடுவதாக நினைத்து நான் வயருக்கு வளையல்தான் போட்டிருக்கிறேன்.

அடுத்ததாக என் கையிலிருந்த கொஞ்சச் சில்வர் பேப்பரை வைத்துப் பார்த்தேன். குமிழ் பளிச்சென்று எரிந்தது. சரி, இதுதான். ஆனால் நாற்பது முழம் வேண்டும்.

அல்லாஹ் அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். செவ்வாய் பகல் எங்கள் தெருவில் ஒரு கலியாணம். கலியாணம் என்றால் சஹன். பெரிய தட்டில் புரியாணி குவித்து, ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுவது. ஒவ்வொரு சஹனையும் சில்வர் பேப்பரால் மூடித்தான் கொண்டுவருவார்கள். அன்று எண்பது சஹன் இருக்கும். பெண்கள் பகுதியில் நாங்கள் ஆறு பேரும் சாப்பிட்டதைவிடப் பேப்பர் சேர்த்ததுதான் அதிகம். பெண்ணின் உம்மா சந்தேகமாகப் பார்த்தார். "பள்ளி வேலைக்கு" என்றேன். பொய் இல்லையே.

புதன் காலை பேப்பர்களைத் துணியால் துடைத்தோம். தேய்த்துக் கழுவினால் கிழிந்துவிடும் என்று பயம். பழைய வயரொன்றை உரித்து எடுத்த வெறும் செம்புக் கம்பியைப் பள்ளி வயரின் முழு நீளத்துக்கும் கூடவே வைத்து, இரண்டையும் சேர்த்துப் பேப்பர் சுற்றினோம். மேலே கறுப்பு டேப். டேப் பாதியில் முடிந்துபோனது. மீதிக்குச் சைக்கிள் டியூப்பை வெட்டி அங்கங்கே கட்டுப் போட்டோம். மோதினாரின் அறையில் வயர் போய்ச் சேரும் இணைப்பை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் வைத்து மூடச் சொன்னேன். பெண் என்பதால் நான் பள்ளிக்குள் போக முடியாது. மதிலுக்கு இந்தப் பக்கம் ஏணியில் நின்று சொல்லச் சொல்ல அந்தப் பக்கம் என் கணவர் செய்தார்.

சோதித்தோம். என் குரல் நுளம்பு ரீங்காரம் மாதிரி ஆகியிருந்தது. ஆனால் இருந்தது.

"என்ன சொல்றன் எண்டு விளங்குதா நாநா?" என்று மோதினாரைக் கேட்டேன்.

"விளங்கல்ல தங்கச்சி. ஆனா கோவமாச் சொல்ற மாதிரி விளங்குது" என்றார் அவர் காதோடு காதாக.

சட்டை பிடித்த அலையைக் கொண்டுபோய்க் கொட்ட ஓர் இடம் வேண்டும் என்று அந்தக் காணொளிக்காரர் சொல்லியிருந்தது ஞாபகம் வந்தது. செம்புக் கம்பியின் நுனியை அம்ப்ளிஃபயரின் உடம்பில் கட்டி, அங்கிருந்து நிலத்துக்கு இறக்க வேண்டும். எங்கள் மணல் காய்ந்த மணல், பிடிக்காது. தொழுமுன் கைகால் கழுவி வுழூச் செய்கிற ஹவுள் தொட்டியின் தண்ணீர் வழிந்தோடும் இடம் மட்டும் எப்போதும் ஈரம். அங்கே என் கணவர் ஓர் இரும்புக் கம்பியை ஆழமாக அடித்து இறக்கினார். கட்டிவிட்டு மறுபடி சோதித்தோம். நான் பத்து நிமிடம் பேசினேன். மோதினார் மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "கதைக்கத் தொடங்குங்க தங்கச்சி" என்றார்.

அன்று எங்கள் முற்றத்தில் பெருநாள்தான். தேத்தண்ணி ஊற்றி, வட்டிலப்பம் செய்து, ஆறு பெண்களும் மோதினாரின் மனைவியும் சாப்பிட்டோம். வியாழனும் ஒரு குறையில்லாமல் போனது.

வெள்ளி சுபஹ் முடிந்ததும் மோதினார் எங்கள் வாசலில் நின்றார். கையில் ஏதோ கந்தல். முகத்தில் இரத்தமில்லை.

"பூனை" என்றார்.

ஊரிலுள்ள அத்தனை பூனைகளும் வந்திருக்கின்றன போலிருக்கிறது. வெறும் துணியால் துடைத்த புரியாணிப் பேப்பர், இரண்டு நாள் வெயில், நெய் வாசம். டேப் சுற்றிய பாகத்தை விட்டுவிட்டு டியூப் கட்டிய பாகம் முழுவதையும் பிய்த்து நக்கியிருந்தன. மிச்சத்தில் செவ்வெறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது. அலையைத் தடுக்க வழி பார்த்தவளுக்குப் பூனையைத் தடுக்கத் தோன்றவில்லை. நான் மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். என் கணவர் வயரைக் கழற்றிக்கொண்டு வந்து தென்னையில் கட்டினார். பள்ளி முழுக்க அவரைப் பார்த்துச் சிரிக்க வைத்தவள் நான், ஆனாலும் எனக்கு முன்னால் அவர்தான் வேலையைத் தொடங்கினார். அதை நான் மறக்க மாட்டேன்.

பெண்கள் வந்தார்கள். பேப்பர் தேடி ஒவ்வொரு வீட்டு அலுமாரியும் திறந்தது. ஒருத்தி கேக் தட்டில் சுற்றியிருந்ததைப் பிரித்துக் கொண்டுவந்தாள். ஒரு மூத்த ராத்தா நோன்புக்கென்று எடுத்துவைத்த முழுச் சுருளை, பெட்டியோடு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தந்தார். பழைய பேப்பரில் மிஞ்சியதைச் சவர்க்காரமும் தேசிக்காய்ப் புளியும் போட்டுக் கழுவி, கருவாட்டோடு கருவாடாகப் பரப்பிக் காயவைத்தோம். தெருமுனைக் கடைக்காரர் கடையைத் திறக்கும்முன்னே அவரை எழுப்பி இருந்த டேப் எல்லாவற்றையும் எடுத்துவந்தோம். இந்த முறை ஓர் அங்குலம் விடாமல் டேப் சுற்றினோம். அதற்கு மேல் வேப்பெண்ணெய் பூசினேன். பூனை மூக்கை வைத்தால் மறு ஜும்ஆவரை மறக்காது.

என் கணவர் வயரைப் பூட்டிவிட்டு இறங்கும்போது பள்ளியில் ஆட்கள் சேரத் தொடங்கிவிட்டார்கள். சோதித்துப் பார்க்க நேரமில்லை. ஹாஜியார் ஒலிபெருக்கிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்டதாக மோதினார் மதிலோரம் வந்து சொல்லிவிட்டு ஓடினார்.

குத்பா தொடங்கியிருக்கும் என்று தெரிந்ததும் மஞ்சளைக் கூப்பிட்டேன். என்ன பேசுவது என்று முதலில் தெரியவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருக்கலாம். ஆனால் ஒரு கிழமை வாயைக் கட்டிவைத்திருந்தேன் அல்லவா? ஹாஜியாரைப் பற்றி என் மனதிலிருந்த அத்தனையையும் சொன்னேன். அவருடைய மடிப்புக் கலையாத சட்டை, அவருடைய 'போன் இருக்கே', அவருடைய ஐஸ் கடையின் ஐஸ் கரைகிற வேகம், ஒன்றையும் விடவில்லை. மஞ்சளில் தம்பி விழுந்து விழுந்து சிரித்தார். "ஐயோ அக்கா, கேட்டுதெண்டா?" என்றார். கேட்டால் செட் போகும், அதோடு மானமும் போகட்டும் என்றேன்.

தொழுகை முடிந்தது. என் கணவர் வந்தார். முகத்தில் ஒன்றுமில்லை. செருப்பைக் கழற்றினார். கை கழுவினார். சோற்றுக்கு உட்கார்ந்தார்.

"என்ன, கேட்டுதா?"

"என்னது?"

"என்ட குரல்!"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். "நான் நித்திரை கொண்டிட்டன்."

அகப்பை என் கையில் இருந்தது. அவர் அதிர்ஷ்டம், அதே நேரம் ஹாஜியார் வாசல் படலையைத் தட்டினார்.

"ஒண்டும் கேக்கல்ல மகள்" என்றார். பிறகு, "நல்லா உத்துக் கேட்டன். ஒரு சத்தமும் இல்ல. செட் இருக்கட்டும்" என்றார். நான் சொன்னதில் ஒரு பாதி கேட்டிருந்தாலும் அந்த மனிதர் என் வாசல்படி மிதித்திருக்க மாட்டார். நான் மிகவும் மரியாதையாகத் தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். அவர் வேண்டாம் என்று போனார். போன பிறகு நானும் என் கணவரும் சிரித்த சிரிப்பில் சோறு ஆறிவிட்டது.

இரண்டு மாதம் போயிருக்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் காலம். ஒரு திங்கள் பகலுக்குப் பிறகு மேற்கே கறுத்து, நினைத்ததைவிடச் சீக்கிரம் காற்று இறங்கியது. நான் நான்கு நிறத்தையும் கூப்பிட்டேன். நான்கிலிருந்தும் பதில் வந்தது. கரைக்குத் திரும்பச் சொன்னேன். அப்போது படலை திறந்தது. ஹாஜியார். சட்டை நனைந்திருந்தது, கையில் போன்.

"மகன் காலையில போனவன். போன் எடுக்குதில்ல" என்றார். "உங்கட ஆக்கள் ஆராவது அவன்ட வெள்ளைப் போட்டக் கண்டாங்களா எண்டு..."

சொல்லியிருக்கலாம். போன் இருக்கே என்று சொல்லியிருக்கலாம். சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அவருடைய கையைப் பார்த்தேன், அந்தப் போனை மறுபடி மறுபடி அமுக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை.

"கதிரையில இருங்க ஹாஜியார்" என்று சொல்லிவிட்டுச் செட்டில் கேட்டேன். பச்சை அதைக் கண்டிருக்கவில்லை. மஞ்சளும் கண்டிருக்கவில்லை. சிவப்பு, தெற்கே ஒரு வெள்ளைப் படகு நின்றதாகவும் இஞ்சின் சத்தம் கேட்கவில்லை என்றும் சொன்னார். நீலம்தான் அதற்குக் கிட்ட. என் கணவரைப் போகச் சொன்னேன். காற்றுக்கு எதிராக அவரை அனுப்புகிறேன் என்று தெரிந்தே சொன்னேன். பிறகு அரை மணித்தியாலம் அந்தப் பெட்டி இரைந்துகொண்டு கிடந்தது. ஹாஜியார் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். நானும் ஓதினேன்.

"நீலம் கதைக்கிறன். வெள்ளையப் புடிச்சிட்டம். கயிறு போட்டு இழுத்து வாறம். தம்பிக்கு ஒண்டுமில்ல, என்ட போட்டிலதான் இருக்கார். ஓவர்."

ஹாஜியார் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். கையை நீட்டி, "நான் கதைக்கலாமா?" என்றார். பேசுகிற பிடியை அவரிடம் கொடுத்து, அமுக்கிப் பேச வேண்டும், விரலை எடுத்தால்தான் அங்கிருந்து கேட்கும் என்று காட்டினேன். அமுக்கப் போனவர் நிறுத்திவிட்டு மதில் பக்கம் பார்த்தார்.

"இது பள்ளியில கேக்குமா மகள்?"

"ஒரு சொட்டும் கேக்காது. கதைங்க."

அவர் அமுக்கினார். "மகன், உன்ட வாப்பா" என்றார். அதற்குமேல் வரவில்லை. அழுதார். ஊரிலுள்ளவர்கள் நிமிர்ந்து பார்க்கப் பயப்படுகிற அந்த மனிதர் என் அடுப்படியில் தோள் குலுங்க அழுதார். பிறகு, மகன் படகு வாங்கியதிலிருந்து ஒரு நாளும் தான் சரியாகத் தூங்கவில்லை என்றார், பயமென்று சொன்னால் அவன் சிரிப்பான் என்று சொல்லவில்லை என்றார், நீ வந்தால் போதும் என்றார். பட்டனை விடவே இல்லை. கடலிலிருந்து மகன் பதில் சொல்ல வழியில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்திருப்பான்.

"கைய எடுங்க ஹாஜியார். நீங்க எடுத்தாத்தான் அவர் கதைக்கலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து அஸர் பாங்கு தொடங்கியது. அவர் இன்னமும் அழுதுகொண்டே பேசிக்கொண்டிருந்தார், நான் அடுப்படி வாசலில் நின்று வெளி ஒலிபெருக்கியைக் காது கொடுத்துக் கேட்டேன். மோதினாரின் பாங்கைத் தவிர அதில் வேறொரு குரலும் இல்லை.